பெர்க்லிக்கு விண்ணப்பிக்கும் முன் நான் இழந்த ஓராண்டு

கலிஃபோர்னியாவில் கம்யூனிட்டி காலேஜ் என்ற ஈராண்டு அரசுக் கல்லூரியில் படித்துவிட்டு, மூன்றாம் ஆண்டுக்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்துக்கோ லாஸ் ஏஞ்சலஸ் வளாகமான யூசிஎல்ஏவுக்கோ மாற நினைக்கும் பிள்ளைகள் நம் வீடுகளிலும் இருக்கிறார்கள். அவர்களுக்காக எழுதுகிறேன். சிவில் இன்ஜினியரிங்குக்காகச் சென்ற நவம்பரில் விண்ணப்பித்துவிட்டேன். முடிவு ஏப்ரல் கடைசியில்தான் தெரியும். அதற்குள் எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது. இடம் கிடைத்துவிட்டால் நான் செய்த பிழை எனக்கே சிறிதாகத் தெரியும்.

நான் கைக்குழந்தையாக இருந்தபோது அம்மாவுக்காகத் தாய்மாமா போட்ட குடியேற்ற மனு, நான் பிளஸ் டூ முடித்த 2022-ல்தான் கைகூடியது. ஜூலையில் ஃப்ரீமான்ட் வந்து இறங்கினோம். மாநிலத்தில் குடியிருப்பவர் என்ற கணக்கில் கட்டணம் கட்ட, ஓராண்டும் ஒரு நாளும் இங்கே வாழ்ந்திருக்க வேண்டும். அந்தக் கணக்கில், பாடத்தின் அளவைக் குறிக்கும் யூனிட் ஒன்றுக்கு 46 டாலர். இல்லாவிட்டால் அதைப் போலப் பல மடங்கு. ஆகவே ஓராண்டு மளிகைக் கடையில் அரிசி மூட்டை அடுக்கினேன். 2023 ஆகஸ்டில் வகுப்புக்குப் போனேன். அந்தக் காத்திருப்பை இழப்பாக நான் நினைத்ததே இல்லை.

இழந்தது அதற்குப் பிறகு. 2024 கோடையில் வாடகை கட்டுப்படியாகாமல் மலைக்கு அப்பால் ட்ரேசிக்கு வீடு மாறினோம், கல்லூரியும் மாறியது. முதல் கல்லூரியில் இயற்பியலை மூன்று பகுதியாகப் பிரித்திருந்தார்கள். முதல் பகுதியான இயக்கவியலை முடித்திருந்தேன். புதிய கல்லூரியில் அதே இயற்பியல் இரண்டே பகுதி. "முதல் பகுதிதான் முடித்துவிட்டாயே, இரண்டாம் பகுதியில் சேர்ந்துகொள். யூனிட் எண்ணிக்கை சரியாக வரும்" என்றார் அங்கே பாடத் தேர்வுக்கு ஆலோசனை சொல்லும் கவுன்சிலர். மகிழ்ச்சியோடு சேர்ந்தேன். நன்றாகவும் படித்தேன்.

அந்த இலையுதிர் காலத்தில் கல்லூரித் திடலில் மேசை போட்டுப் பல்கலைக்கழகங்களின் பிரதிநிதிகள் வந்து உட்கார்ந்திருந்தார்கள். ஒரு மேசையில் என் மதிப்பெண் பட்டியலை நீட்டினேன். அங்கிருந்த அம்மையார் ஜிபிஏ என்ற சராசரி மதிப்பெண்ணைப் பார்க்கவே இல்லை. பாடங்களின் பெயரை விரலால் தொட்டுக்கொண்டே வந்தார். இயற்பியலில் விரல் நின்றது. "வெப்பமும் அலைகளும் எங்கே படித்தீர்கள்?" என்று கேட்டார். நான் விழித்தேன். முதல் கல்லூரியில் அது மூன்றாம் பகுதி; இரண்டாம் கல்லூரியில் முதல் பகுதி. இரண்டிலும் நான் உட்காராத வகுப்பு அதுதான். என் மடிக்கணினியிலேயே அசிஸ்ட் இணையதளத்தைத் திறந்து காட்டினார். எந்தக் கம்யூனிட்டி காலேஜ் பாடம் எந்தப் பல்கலைக்கழகப் பாடத்துக்கு ஈடு என்பதற்கான அதிகாரபூர்வ பதிவு அது. அங்கே முழுத் தொகுதிக்குத்தான் ஈடு காட்டியிருந்தது. இங்கே பாதி, அங்கே பாதி என்பதற்கு எதிரே ஒன்றுமில்லை.

விடுபட்ட பகுதி அடுத்த இலையுதிர் காலத்தில்தான் நடக்கும் என்றார்கள். பெர்க்லி பொறியியலில் சேர வேண்டுமானால், சேரும் ஆண்டின் கோடைக்கு முந்தைய வசந்த செமஸ்டருக்குள் அடிப்படைப் பாடங்களை முடித்திருக்க வேண்டும். ஓராண்டு போயிற்று. பாதிக்கு மேல் ஏற்கெனவே படித்த பாடத்துக்காக 2025 ஆகஸ்டில் மறுபடி முதல் பெஞ்சில் உட்கார்ந்தேன்.

ஆகவே என் வேண்டுகோள் ஒன்றுதான்: யூனிட்டை எண்ணாதீர்கள், தொடரைப் பாருங்கள். மாறுவதற்குத் தேவையான 60 யூனிட் என்பது வாசற்படி மட்டுமே. கால்குலஸ் முதல் பகுதி முடியாமல் இயற்பியல் தொடங்காது. இயற்பியலில் இயக்கவியல் முடியாமல், பொறியியல் பாடமான நிலையியல் தொடங்காது. எந்தப் பாடம் கடைசியில் வர வேண்டும் என்று முதலில் எழுதுங்கள். அங்கிருந்து பின்னோக்கி வாருங்கள். தொடங்கிய தொடரைத் தொடங்கிய இடத்திலேயே முடியுங்கள். வீடு மாற நேர்ந்தால் வீட்டுச் சாமான் கட்டுவதற்கு முன் அசிஸ்டைப் பாருங்கள். எல்லாரும் படிக்க வேண்டிய பொதுக் கல்விப் பாடங்களை முதலில் முடித்துவிடலாம் என்பது வரலாறோ இலக்கியமோ படிப்பவருக்குப் பொருந்தும். பொறியியலுக்குப் போகிறவர் கணக்கையும் இயற்பியலையும் தள்ளிப்போட்டால் பிறகு எட்டிப் பிடிக்க முடியாது.

டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைடு, சான்டா பார்பரா, சான்டா குரூஸ் ஆகிய ஆறு கலிஃபோர்னியா பல்கலைக்கழக வளாகங்களில் ஒன்றுக்குச் செப்டம்பரிலேயே உறுதி இடம் கேட்டு விண்ணப்பிக்கலாம். எல்லாப் பிரிவுக்கும் அது கிடையாது என்றாலும், கிடைக்கிற பிரிவில் இருப்பவர்கள் விட வேண்டாம். பெர்க்லி, யூசிஎல்ஏ, சான் டியேகோ மூன்றிலும் அந்த உறுதி இல்லை.

பிறகு கட்டுரைகள். நான்கு எழுத வேண்டும், ஒவ்வொன்றும் 350 சொல்லுக்குள். தேர்ந்தெடுத்த பிரிவுக்கு எப்படித் தயாரானாய் என்பது மாற்றலாகி வருபவர்களுக்குக் கட்டாயக் கேள்வி. 2015 சென்னை வெள்ளத்தைப் பற்றி உருக்கமாக எழுதிக்கொண்டு போனேன். எழுத்துக்கு உதவும் மையத்தில் இருந்த ஆசிரியை இருமுறை படித்துவிட்டு, "இந்த வெள்ளத்தில் நீ எங்கே நின்றாய்?" என்று கேட்டார். நான் அப்போது தூத்துக்குடியில் இருந்தேன். தொலைக்காட்சியில் பார்த்தது அவ்வளவுதான்.

"அப்படியானால் உன் கை எதைத் தொட்டிருக்கிறது?"

என் அப்பா கொத்தனார். மேல்தளம் கான்கிரீட் போட்ட மறுநாள் மொட்டை மாடியில் கலவையால் சிறு வரப்பு எழுப்பி, பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவார். பள்ளிக்கூடம் போகும் முன் அந்தப் பாத்திகளை நிரப்புவது என் வேலை. வெயில் ஏறும் முன் குடம் குடமாக ஊற்றுவேன். ஒரு பாத்தி வற்றினாலும் அப்பாவின் முகம் மாறிவிடும். சிமென்ட் காய்ந்து இறுகுவதில்லை, நீரோடு வினைபுரிந்து இறுகுகிறது என்பதை இங்கே வேதியியல் வகுப்பில் கேட்டபோது, அந்த மாடிதான் கண்முன் வந்தது. அதையே எழுதினேன். ஒரே இரவில் முடிந்தது. வெள்ளக் கட்டுரைக்கு மூன்று வாரம் ஆகியிருந்தது.

அனுப்புவதற்கு முந்தைய நாள் அப்பாவை உட்கார வைத்துத் தமிழில் சொல்லிக் காட்டினேன். 14 நாள் தண்ணீர் நிறுத்தினோம் என்ற இடத்தில் கையைக் காட்டி நிறுத்தினார். "அந்த வீட்டுக்கு 21 நாள், தம்பி. வெயில் காலம்" என்றார். திருத்திவிட்டு அனுப்பினேன்.