லேசரில் வெட்டிய ஸ்டேட்டர், டையில் அடித்த ஸ்டேட்டர்: கரண்ட் ஏன் ஏறுகிறது?

சுருள்கம்பி:
3 எச்.பி. பம்ப் மோட்டாருக்குப் புதிதாக ஒரு ஸ்டேட்டர் (சுழலாமல் நிற்கும், சுருள் சுற்றும் இரும்பு அடுக்கு) டிசைன் செய்தேன். தகடு எம்400-50ஏ என்ற மின் எஃகு, 0.5 மி.மீ. சுருள்களுக்கு இடையே நிற்கும் பல்லின் அகலம் 4 மி.மீ., அதில் காந்தப்புலம் 1.4 டெஸ்லா ஓடும்படி கணக்கு. தகட்டை அடித்து வெட்டும் டை (அச்சு) செய்ய இப்போதைக்குப் பணம் இல்லாததால் மாதிரியை லேசரில் வெட்டி அடுக்கினேன். நோ-லோட் கரண்ட் (சுமை இல்லாமல் ஓடும்போது இழுப்பது) கணக்கைவிட நன்றாகவே கூடுதலாக வருகிறது. சுற்றுகளை இரண்டு முறை எண்ணிவிட்டேன், ரோட்டருக்கும் ஸ்டேட்டருக்கும் நடுவே உள்ள ஏர் கேப்பும் சரி. வெட்டிய விதம்தான் காரணமா?

லேசர்க்காரன்:
எனக்கு அப்படித் தோன்றவில்லை. நைட்ரஜன் வைத்து வெட்டினால் விளிம்பு வெள்ளையாக, பிசிறே இல்லாமல் வரும். விரலை ஓட்டிப் பார்த்தாலே தெரியும். அடுக்கை எப்படிப் பிடித்தீர்கள்? வெல்டு என்றால் முதலில் அதைச் சந்தேகப்படுங்கள்.

சுருள்கம்பி:
ஆமாம், வெளிப்புறம் நான்கு இடத்தில் வெல்டு.

பீளமேடு பிரஸ்:
வெல்டு தகடுகளை ஷார்ட் செய்து வாட்டைத்தான் (இரும்பில் வீணாகும் மின்சக்தியை) முதலில் ஏற்றும். இங்கே ஏறியிருப்பது கரண்ட். அப்படியென்றால் தகட்டின் பெர்மியபிலிட்டியே, அதாவது எளிதில் காந்தமாகும் தன்மையே, விழுந்திருக்கிறது. தம்பி லேசர்க்காரன், பிசிறு இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வெட்டுக்கோட்டில் தகடு உருகி, நொடியில் குளிர்ந்து சுருங்குகிறது. விளிம்பு இழுபடும்போது அதை ஒட்டிய உட்பகுதி அழுந்துகிறது. அழுந்திய இடத்தில் டொமைன் சுவர்கள் (இரும்புக்குள் இருக்கும் சிறு காந்தப் பகுதிகளின் எல்லைகள்) லேசில் நகராது. இதையெல்லாம் விரலை ஓட்டிக் கண்டுபிடிக்க முடியாது. 25 வருடமாக ஸ்டாம்பிங் அடிக்கிறேன், லேசர் மாதிரியை நம்பி டிசைனை மாற்றி ஏமாந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

லேசர்க்காரன்:
சார், டையும் தகட்டைக் கிழிக்கத்தானே செய்கிறது? அடித்த விளிம்பை லென்ஸில் பாருங்கள்: மேலே பளபளவென்று ஒரு பட்டை, கீழே சொரசொரப்பாக முறிந்த பகுதி, அடியில் பிசிறு. அந்த இடம் முழுக்க நசுங்கி இறுகிப்போன இரும்பு. மழுங்கிய டையில் இன்னும் மோசம். ஒரு ஆலையில் சாணை பிடிக்காமலே அடித்த தகடுகளை நானே கையில் வாங்கியிருக்கிறேன், நகத்தில் மாட்டும் அளவுக்குப் பிசிறு.

பீளமேடு பிரஸ்:
அது டையைப் பராமரிக்காதவர் செய்த தப்பு. டையின் மேல், கீழ் வெட்டு முனைகளுக்கு நடுவே விடும் கிளியரன்ஸைத் தகட்டுத் தடிமனில் 5 சதவீத அளவில் வைத்து, நேரத்துக்குச் சாணை பிடித்தால் பாதிப்பு கட்டுக்குள் இருக்கும்.

வாட்மீட்டர்:
நான் தகடு சோதிக்கும் லேபில் இருக்கிறேன். இரண்டு பேரும் விளிம்பையே பேசுகிறீர்கள், பல்லின் அகலத்தைப் பேசவில்லை. எம்400 என்றால் 1.5 டெஸ்லா, 50 ஹெர்ட்ஸில் இழப்பு கிலோவுக்கு 4 வாட்டுக்கு மேல் போகாது என்று அர்த்தம். அந்த எண்ணை எப்ஸ்டீன் ஃபிரேம் என்ற சோதனைச் சட்டத்தில் 30 மி.மீ. அகலப் பட்டைகளை வைத்துத்தான் அளக்கிறோம். உங்கள் பல் 4 மி.மீ. இரு பக்கமும் 1 மி.மீ. கெட்டால்கூடப் பாதிப் பல் போய்விட்டது. 30 மி.மீ. பட்டையில் அதே 2 மி.மீ. பெரிதாகத் தெரியாது. கேட்லாக் எண்ணை அப்படியே பல்லுக்குப் போட்டதுதான் கணக்கு தவறிய இடம்.

சந்தேகம் இருந்தால் 30 மி.மீ. பட்டைகளை 15, 10, 5 என்று நீளவாக்கில் பிளந்து, திரும்ப ஒன்றாக அடுக்கி அளந்து பாருங்கள். இரும்பு அதேதான், வெட்டு மட்டும் கூடுகிறது. ஒவ்வொரு முறையும் காந்தமாக்கும் வளைவு (பி-எச் கோடு) சாய்வதைக் கண்ணால் பார்க்கலாம். நடு டெஸ்லாவில்தான் வித்தியாசம் அதிகம். செறிவு, அதாவது இரும்பு இதற்கு மேல் காந்தமாகாத நிலை, நெருங்கும்போது கோடுகள் சேர்ந்துவிடும்.

லேசர்க்காரன்:
அப்படியென்றால் மாதிரிக்கு என்னதான் வழி? எல்லோராலும் டை செய்ய முடியாது.

வாட்மீட்டர்:
வயர் கட் (கம்பியில் மின்பொறி விட்டு வெட்டுவது) விளிம்பை மிகக் குறைவாகத்தான் கெடுக்கும். ஆனால் நேரம் பிடிக்கும், தண்ணீரில் வெட்டுவதால் துரு வராமல் பார்க்க வேண்டும், அடுக்காக வைத்து வெட்டினால் விளிம்பில் தகடுகள் ஒட்டி ஷார்ட் ஆகிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் லேசரிலேயே வெட்டி, சுருள் சுற்றுவதற்கு முன் நைட்ரஜனில் 750 டிகிரி வாக்கில் அனீல் செய்யுங்கள், அதாவது சூடாக்கி மெல்லக் குளிரவிட்டு உள் அழுத்தத்தைப் போக்குங்கள். தகட்டின் மேலுள்ள மின்காப்புப் பூச்சு அந்தச் சூட்டைத் தாங்குமா என்று முதலில் கேளுங்கள். வெறும் ஆர்கானிக் பூச்சு என்றால் எரிந்துவிடும்.

பீளமேடு பிரஸ்:
அனீல் செய்த மாதிரியை வைத்து, அனீல் செய்யாத புரொடக்ஷனுக்கு வாக்குக் கொடுக்காதீர்கள் தம்பி. டையில் அடித்த தகடு இன்னொரு விதமாக நடக்கும்.

சுருள்கம்பி:
சரிங்க சார். பூச்சு சி-5 வகை என்று சப்ளையர் சொல்கிறார், தாங்குமாம். மிச்சத் தகடுகளில் ஒரு அடுக்கை வெல்டு இல்லாமல் ரிவெட் அடித்து அனீலுக்கு அனுப்புகிறேன். இன்னொன்றை ரிவெட் மட்டும் அடித்து அப்படியே சுற்றுகிறேன். இரண்டின் நோ-லோட் கரண்டையும் வாட்டையும் இங்கேயே போடுகிறேன்.