அப்பாவுக்கு 80 (அப்பா இல்லாத குழு)

மாலதி: சனிக்கிழமைக்கு யார் என்ன செய்கிறீர்கள்? கேக் நான்.

விஜி அண்ணி: மசால்வடை நான். எத்தனை பேர்?

செல்வம்: 25

மாலதி: 40. தேக்கா சித்தப்பா வீட்டை விட்டுவிட்டாயா?

செல்வம்: அவர்களையுமா…

ராஜன் அண்ணா: அப்பாவுக்காக நான் கிட் வாங்கிப் பாகங்களைச் சேர்த்துச் செய்த ரேடியோ நேற்றிரவு பேசியது. ஆனால் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது, முழுசாகப் படியுங்கள். நிலையம் பிடிக்கும் காயிலுக்குச் சிவப்பு வளையத்தில் 28 சுற்றுக் கம்பி. கம்பி வளையத்துக்குள் ஒரு தடவை நுழைந்தாலே அது ஒரு சுற்று, நான் முதல் நுழைவை எண்ணாமல் விட்டு 29 ஆகிவிட்டது, டயலில் எழுதியது ஒன்று வந்தது ஒன்று. ஒரு சுற்றைப் பிரித்ததும் சரி. அப்புறம் சார்ஜரில் ஓட்டினால் உர்ரென்று இரைச்சல். எட்டு பென்சில் பேட்டரி போட்டதும் பாதி போனது. மீதி, விஜி மாட்டிய எல்இடி விளக்கு.

விஜி அண்ணி: ஓ, விளக்குதான் காரணமா

ராஜன் அண்ணா: அணைத்துப் பார், தெரியும்.

தினேஷ்: மாமா புளூடூத் இருக்கா

ராஜன் அண்ணா: இல்லை. இது பின்னூட்ட வகை. வந்த சிக்னலில் கொஞ்சம் எடுத்து அதே காயிலுக்குத் திருப்பி விடுகிறோம். குமிழைத் திருகத் திருகச் சத்தம் ஏறும், ஊளையிடுவதற்கு ஒரு மயிரிழை முன்னால் நிறுத்தினால்தான் தூரத்து நிலையம் வரும். அப்பாவுக்குக் கை நடுங்கும் என்று சிம் லிம் டவர் எலெக்ட்ரானிக்ஸ் கடையில் பத்துச் சுற்றுக் குமிழ் வாங்கி மாற்றியிருக்கிறேன். ஏரியல் காற்றில் ஆடினாலே நிலையம் நகர்ந்தது, ஏரியலுக்கும் காயிலுக்கும் நடுவில் ஒரு டிரான்சிஸ்டர் சேர்த்ததும் நின்றுவிட்டது.

விஜி அண்ணி: அந்த ஏரியல் என் மூங்கில் கம்பில் கட்டியிருக்கிறது. ஏழு மீட்டர். துணி எங்கே காயப்போடுவது என்று யாரும் கேட்கவில்லை.

மாலதி: அண்ணா, அதில் என்னதான் கேட்பார்? பிபிசி தமிழோசை வானொலி 2017 ஏப்ரலோடு முடிந்ததே.

ராஜன் அண்ணா: இரவில் 31 மீட்டர் சிற்றலையில் சீன நிலையங்கள் வரிசையாக வருகின்றன. அப்பாவுக்குத்தான் புரியுமே, துறைமுகத்தில் முப்பது வருஷம்.

செல்வம்: அவருக்குத் தெரிந்த சீனம் ஹொக்கியன். ரேடியோவில் மாண்டரின்.

ராஜன் அண்ணா: பரவாயில்லை, திருப்பிக்கொண்டே இருப்பார், அவருக்கு அதுதான் பிடிக்கும். யூ டீ வீட்டில் இருந்தபோது கிட் எதைச் செய்தாலும் டயல் முழுக்க பிபிசிதான், பக்கத்திலேயே கிராஞ்சியில் அவர்களின் அனுப்புநிலையம். அதை 2023 ஜூலையில் மூடிவிட்டார்கள். இப்போதுதான் மெல்லிய நிலையங்களே காதில் விழுகின்றன.

செல்வம்: பழைய ரேடியோவே நன்றாக இருந்தது

மாலதி: அதைச் சுங்கை ரோட்டுப் பழைய சாமான் சந்தையில் விற்றது யார்?

செல்வம்: ஆரம்பிக்காதே அக்கா. வீட்டில் இடமில்லை என்று நீதான் சொன்னாய்.

மாலதி: நான் சொன்னது அலமாரியை. 15 வெள்ளிக்குக் கொடுத்துவிட்டு வந்தான். அப்பா இரண்டு நாள் பேசவில்லை.

தினேஷ்: சனிக்கிழமை எத்தனை மணி

மாலதி: 11. அல்லது 12, கேக் வந்ததும்.

செல்வம்: அதன் டியூனிங் குமிழ் மட்டும் என்னிடம் இருக்கிறது. விற்கப் போன அன்றே கழன்றுவிட்டது. பிஸ்கட் டின்னில் கிடக்கிறது.

மாலதி: இத்தனை வருஷமாகவா?

ராஜன் அண்ணா: ஓட்டையை அளந்து சொல். பழசு என்றால் கால் அங்குலமாக இருக்கும், கிட்டில் தண்டு 6 மில்லி. லேசாக ஆடும், டேப் சுற்றி ஒப்பேற்றலாம்.

செல்வம்: ஸ்கேல் இல்லை

ராஜன் அண்ணா: அப்படியே எடுத்து வா.

செல்வம்: நாளைக்கு வேலை முடிய எட்டு ஆகும். பார்க்கிறேன்.

விஜி அண்ணி: 25ஆ 40ஆ? கடலைப்பருப்பு வாங்கக் கிளம்பிவிட்டேன்.