ஒரே எழுத்து, மூன்று மொழி: மதரஸா நூல்பட்டியலுக்கு ஒரே ஸ்டெம்மர் போதுமா?

பாலாறு07:
வேலூர்ப் பக்கம் ஒரு மதரஸா நூலகத்துக்குத் தேடல் பெட்டி போடவேண்டும். ஏறத்தாழ 6,000 தலைப்பு. வட ஆர்க்காட்டில் எந்த அலமாரியைத் திறந்தாலும் இருக்கும் கலவைதான்: அரபிக் கிதாபு, உருதுக் கிதாபு, நடுவில் அரபுத்தமிழ் (அரபி எழுத்தில் எழுதிய தமிழ்) கல்லச்சுப் பிரதிகள். மூன்றும் அரபி எழுத்து என்பதால் எலாஸ்டிக்சர்ச் என்ற தேடல் மென்பொருளில் கூடவே வரும் அரபி அனலைசரை (தேடலுக்காகச் சொல்லைச் சீராக்கும் பகுதி) மொத்தத்துக்கும் மாட்டிவிடலாம் என்பது என் கட்சி. ஜபர், ஜேர், பேஷ் என்ற உயிர்க்குறிகள் (ஹரகத்) எல்லாம் உதிரும், அலிஃபின் வகைகள் ஒன்றாகும், முன்னொட்டு பின்னொட்டை அதிலுள்ள ஸ்டெம்மர் வெட்டும். பார்த்துக்கொள்ளப்போவது நூலகர், நிரலர் இல்லை. சிக்கலாக்கினால் ஆறு மாதத்தில் குப்பை.

காட்பாடி கோடர்:
அது லைட் ஸ்டெம்மர். ஓரத்தை மட்டும் சீவும். அரபியில் பன்மை சொல்லுக்கு நடுவில் உடைகிறது என்பதை அது கண்டுகொள்ளாது. 'மஸ்அலா' (மார்க்கக் கேள்வி) என்று தேடுபவருக்கு அதன் பன்மையான 'மஸாயில்' என்று பெயர் வைத்த புத்தகம் ஒன்றுகூட வராது. ஃபத்வாவுக்கு ஃபதாவா வராது, ரிஸாலாவுக்கு ரஸாயில் வராது. ஃபிக்ஹு (மார்க்கச் சட்டம்) அலமாரியில் பாதித் தலைப்பு இந்த மூன்று சொல்லில்தான் ஓடுகிறது. அரபிச் சொல்லுக்கு அடிப்படையான மூன்றெழுத்து வேர் வரை இறங்கும் ஸ்டெம்மர் போடுங்கள். 1999-இல் வந்த, கோஜா என்ற ஆய்வாளரின் நிரலே இதைச் செய்யும்.

மேல்விஷாரம் பாய்:
கோடர் தம்பி, வேர் வரை இறங்கினால் கிணறு தோண்டிவிடுவீர்கள். காஃப்-தா-பா வேரில் கிதாபும் இருக்கிறது, எழுதுகிற காதிபும் இருக்கிறார், மக்தபும் (பள்ளி) மக்தபாவும் (நூலகம்) இருக்கின்றன, ராணுவப் படைப்பிரிவைக் குறிக்கும் 'கதீபா'வும் இருக்கிறது. கிதாபு கேட்டவருக்குப் பட்டாளம் வரும். மஸ்அலாவின் வேரில் கேள்வியும் உண்டு, பிச்சை கேட்கிறவரும் உண்டு, பொறுப்பாளரும் உண்டு. லார்கி என்ற ஆய்வாளரின் குழு 2002-இல் அரபிச் செய்தித் தொகுப்பில் ஓட்டிப் பார்த்தபோதே லைட் ஸ்டெம்மர் வேரை முந்திவிட்டது.

அதற்காகப் பாலாறு சொல்வதையும் ஒப்புக்கொள்ளவில்லை. அந்த அனலைசர் நம்ம ஊர் பெயரையே என்ன செய்கிறது பாருங்கள். 'வேலூரி' என்ற பட்டப்பெயர் வாவ், யா, லாம், வாவ், ரா, யா. முதல் வாவை 'மற்றும்' என்ற பொருள் தரும் வாவ் என்று எண்ணி வெட்டும், கடைசி யாவையும் வெட்டும். மிச்சம் 'யலூர்' மாதிரி ஒன்று. அதே ஆள் இன்னொரு அட்டையில் 'அல்-வேலூரி' என்று இருந்தால் 'அல்' மட்டும் போகும், ஏனென்றால் ஒரு முன்னொட்டு பொருந்தியதும் அது நின்றுவிடும். வாவ் தப்பிக்கும், மிச்சம் 'வேலூர்'. ஒரே ஆசிரியர், இரண்டு ஸ்டெம். உருது விசைப்பலகையில் தட்டிய பதிவில் யாவின் குறியெண்ணே வேறு. எழுத்து வேறுபாடுகளை ஒன்றாக்கும் அரபி நார்மலைசருக்கு அது தெரியாது, வெட்டாது. மூன்றாவது ஸ்டெம்!

உமராபாத்தில் ஓதியவர்கள் 'உமரி' போட்டுக்கொள்வார்கள். யா போனால் மிஞ்சுவது உமர். உமரி ஆலிம் ஒருவரின் நூலைத் தேடினால் கலீஃபா உமரின் வரலாறு அத்தனையும் வந்து நிற்கும். ஹரகத் இல்லாததால் 'ஆயுள்' என்ற சொல்லும் சேர்ந்து வரும்.

பாலாறு07:
யா, காஃப், ஹே குறியெண் சிக்கலுக்குப் பெர்சியன் நார்மலைசேஷன் இருக்கிறதே பாய். அதையும் ஒரு வரி சேர்த்தால் முடிந்தது.

மேல்விஷாரம் பாய்:
அரபிப் பதிவுக்குச் சரி. உருதுப் பதிவில் போட்டால் பெரிய யேயையும் (ஏ ஒலிக்கான உருது எழுத்து) சாதா யாவாக்கிவிடும். லட்கீ, லட்கே இரண்டும் ஒன்று. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் வீட்டில் உருது பேசுகிறவரிடம் பெண்ணும் பையன்களும் ஒரே சொல் என்று சொல்லிப் பாருங்கள்.

காட்பாடி கோடர்:
2002 ஆய்வை எடுத்துக் காட்டுகிறீர்கள், சரி. அது செய்திக் கட்டுரை. ஒரு கட்டுரையில் மஸ்அலாவும் வரும், மஸாயிலும் வரும், ஏதாவது ஒன்று மாட்டும். நாலு சொல் தலைப்பில் அந்த இரண்டாம் வாய்ப்பு கிடையாது. வேர் அகலம் என்றால் லெம்மா, அதாவது அகராதியில் உள்ள தலைச்சொல், எடுக்கலாம். அபுதாபி நியூயார்க் பல்கலைக்கழகத்தின் கேமல் டூல்ஸ் என்ற அரபிக் கருவித்தொகுப்பு, ஒருமை பன்மை இரண்டையும் ஒரே அகராதிச் சொல்லில் கொண்டுவந்து கட்டும், காதிபையும் கிதாபையும் பிரித்தே வைக்கும்.

மேல்விஷாரம் பாய்:
லெம்மா நல்லதுதான். ஆனால் ஐன்-லாம்-மீம் என்று மொட்டையாக இருந்தால் அது அறிவு என்ற இல்மா, கொடி என்ற அலமா, கற்பித்தான் என்ற அல்லமாவா? பக்கத்துச் சொல்லைப் பார்த்துத்தான் கருவி முடிவு செய்யும். தலைப்பில் பக்கத்துச் சொல்லே இரண்டுதான், அதுவும் எதுகைக்காக முன்பின் மாற்றிப் போட்டது. கருவி பழகியதோ பெரும்பாலும் செய்தித்தாள் அரபியில். உங்கள் வாதத்தையே உங்களிடம் திருப்புகிறேன், கோபிக்காதீர்கள்.

உடைந்த பன்மைக்குக் கைப்பட்டியலே போதும். தலைப்புகளில் திரும்பத் திரும்ப வருவது ஒரு 150, 200 சொல். அதை இணைச்சொல் கோப்பாக எழுதுங்கள். வரிசைதான் முக்கியம்: முதலில் நார்மலைசேஷன், அடுத்து இணைச்சொல், அடுத்து கீவேர்ட் மார்க்கர், கடைசியில் ஸ்டெம்மர். கீவேர்ட் மார்க்கர் பட்டியலிலுள்ள சொற்களை நார்மலைஸ் ஆன எழுத்தில்தான் வைக்கவேண்டும். ஹம்ஸா வைத்த அலிஃபோடு எழுதிய சொல் பொருந்தாது, பிழைச் செய்தியும் வராது. வேலூரி, உமரி, பாகவி, வஸிய்யத் (உயில்) போன்றவற்றைக் கீவேர்ட் மார்க்கரில் போட்டால் ஸ்டெம்மர் தொடாது. வஸிய்யத்தைக் காப்பாற்றாவிட்டால் முதல் வாவும் கடைசித் தாவும் போய் ஸாதும் யாவும் மட்டும் மிஞ்சும்.

காட்பாடி கோடர்:
200 சொல் கோப்பு சரி, அதை ஏற்கிறேன். வேரை முழுக்கக் கைவிடமாட்டேன். பதிவில் தனிப் புலமாக (ஃபீல்டு) வைத்து, மற்றதில் ஒன்றும் கிடைக்காதபோது மட்டும் அதில் தேடலாம்.

லாம்அலிஃப்:
அரபுத்தமிழை இரண்டு பேருமே மறந்துவிட்டீர்கள். அரபியில் ஹரகத் விருப்பம், அரபுத்தமிழில் அதுதான் உயிரெழுத்து. யூனிகோடில் ஹரகத்துக்கான 064பி முதல் 0652 வரையுள்ள குறியெண்களைத் துடைத்தால் கடலும் குடலும் ஒன்று, பல்லும் புல்லும் ஒன்று. 'உலகம்' எடுத்துக்கொள்ளுங்கள். பேஷ், ஜபர் போனதும் அலிஃப், லாம், காஃப், மீம். ஸ்டெம்மர் முதல் இரண்டெழுத்தை 'அல்' என்று எண்ணி வெட்டும். மிச்சம் 'கம்'. அரபியில் அதற்கு 'எத்தனை' என்று பொருள்! இலக்கணம், இலக்கியம், இலங்கை எல்லாவற்றுக்கும் தலை போகும்.

ஸெமிட்டிக் எழுத்து என்றாலே உயிரை உதறலாம் என்று விதியில்லை. அம்ஹாரிக்கில் நம் உயிர்மெய் போல ஒவ்வோர் அசைக்கும் ஓர் எழுத்து, யூனிகோடிலும் ஒற்றைக் குறியெண். அங்கே மெய்யைப் பிரித்தெடுத்தால்தான் வேரே தெரியும்.

அரபுத்தமிழ்த் தலைப்பைத் துடைக்காமல் தமிழ் எழுத்துக்கு மாற்றி இன்னொரு புலத்தில் வையுங்கள். இன்று தேடுகிறவர் 'நோன்பு' என்று தமிழ் விசைப்பலகையில்தான் தட்டுவார். ந, ன இரண்டுக்கும் ஒரே நூன் என்றால் விதி எளிது: சொல்லின் முதலிலும் தகரத்துக்கு முன்னும் ந, மற்ற இடத்தில் ன. முந்நூறும் வெந்நீரும் அநியாயமும் இந்த விதியில் தவறும், அவற்றைக் கையால் திருத்தவேண்டும். மூல எழுத்துப் புலத்தை அழிக்காதீர்கள். தமிழில் ஸீன், ஸாத், ஸே மூன்றும் 'ஸ' ஆகிவிடும், திரும்ப எடுக்க வழியில்லை.

பாலாறு07:
சரி, மொழிவாரியாகப் பிரிக்கிறேன். 6,000 பதிவுக்கு மொழிக்குறி யார் போடுவது? ஹரகத் அடர்த்தியை எண்ணிப் பார்த்தால்? எழுத்துக்கெழுத்துக் குறி இருந்தால் அரபுத்தமிழ்.

லாம்அலிஃப்:
குர்ஆனின் யாஸீன் அத்தியாயப் பிரதியும் எழுத்துக்கெழுத்துக் குறியோடுதான் இருக்கும். அடர்த்தியை நம்பாதீர்கள், எழுத்தைப் பாருங்கள். அரபுத்தமிழின் ட, ண, ழ-வுக்கான எழுத்து ஒன்று இருந்தாலே தீர்ந்தது. உருதுக்குப் பெரிய யே, புள்ளியில்லா நூன், டே. ஒரு எச்சரிக்கை: அரபுத்தமிழை உருது விசைப்பலகையில் அடித்திருந்தால் ட-வுக்கு உருது டேயே உட்கார்ந்திருக்கும். அப்படிப்பட்டதைத் தனியாக ஒதுக்கி ஆள் வைத்துப் பாருங்கள்.

காட்பாடி கோடர்:
பழைய பிடிஎஃபிலிருந்து வெட்டி ஒட்டிய தலைப்புகளுக்கு முதலில் என்எஃப்கேசி (ஒட்டெழுத்தைப் பிரிக்கும் யூனிகோடு சீராக்கம்) ஓட்டவேண்டும், இல்லையென்றால் இணைந்த லாம்-அலிஃப் ஒற்றைக் குறியெண்ணாகவே கிடக்கும். அதில் ஒரு பொறி: ஸலவாத்தின் (நாயகத்தின் பெயருக்குப் பின் வரும் வாழ்த்து) ஒற்றைக் குறி இடைவெளியும் சேர்த்து 18 குறியெண்ணாக விரியும். நாயகத்தின் பெயர் வரும் தலைப்பெல்லாம் திடீரென்று நாலு சொல் நீளும், தேடல் முடிவில் அவற்றின் மதிப்பெண் குறையும். அந்தக் குறியை முன்கூட்டியே நீக்கிவிடுங்கள்.

மேல்விஷாரம் பாய்:
பாலாறு, மொழிக்குறியில் இன்னொன்று. நூலின் மொழி வேறு, தலைப்பின் மொழி வேறு. உள்ளே முழுக்க உருதாக இருக்கும், அட்டையில் அச்சு அசல் அரபித் தலைப்பு இருக்கும். அதில் பெரிய யேயும் இருக்காது, டேயும் இருக்காது. நூல்மொழிக்கு ஒரு கட்டம், தலைப்புமொழிக்கு ஒரு கட்டம் வையுங்கள். ஸ்டெம்மரைத் தீர்மானிப்பது இரண்டாவது கட்டம்.

பாலாறு07:
நூலகரிடம் இரண்டு கட்டம் கேட்டால் ஒன்றைக் காலியாக விடுவார். காலியாக இருந்தால் ஸ்டெம்மர் இல்லாமல், நார்மலைசேஷன் மட்டும், ஹரகத்தைத் தொடாமல். அப்படியே அமைக்கிறேன்.