ஜெமினியில் ஒரு காலை

கல்வி, பண்பாட்டுப் பரிமாற்றத் திட்டங்களில் அமெரிக்கா போக ஜே-1 விசா வேண்டும். அதன் நேர்காணலுக்குப் போகிறவர்கள் முதலில் தேடுவது கேள்விப் பட்டியலைத்தான். நானும் தேடினேன். ஆனால் என் தூக்கத்தைக் கெடுத்தது கேள்விகள் இல்லை, என் பெயர்.

நம் ஊரில் பலருக்கும் உள்ள சிக்கல்தான். என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடம் காலி. ஊரில் அப்பா பெயரை இனிஷியலாகப் போட்டே பழகிவிட்டோம். பாஸ்போர்ட்டில் அதுவும் கிடையாது. விசாவுக்கு நிரப்பும் டிஎஸ்-160 விண்ணப்பப் படிவத்தில் குடும்பப் பெயரைக் காலியாக விட முடியாது. ஒற்றைப் பெயர்க்காரர்கள் தங்கள் பெயரை அந்த இடத்தில் எழுதிவிட்டு, இயற்பெயர் இடத்தில் எஃப்.என்.யு. என்று போட வேண்டும். 'முதற்பெயர் தெரியவில்லை' என்பதற்கான ஆங்கிலச் சுருக்கம். இருப்பதே ஒரு பெயர், அதுவும் தெரியவில்லையாம்!

இது புரிவதற்கு முன்பே, என்னைத் தேர்ந்தெடுத்த திட்டத்துக்கு விவரம் அனுப்பியபோது அப்பா பெயரைக் குடும்பப் பெயராகக் கொடுத்துவிட்டேன். திட்டத்தில் என்னை எடுத்ததற்கான சான்றுத் தாளான டிஎஸ்-2019 அப்படியே அச்சாகி வந்தது. பாஸ்போர்ட்டில் ஒருத்தி, இந்தத் தாளில் இன்னொருத்தி. மின்னஞ்சல் மேல் மின்னஞ்சல் போட்டு, திருத்திய தாள் கைக்கு வரப் பன்னிரண்டு நாள் ஆனது. உங்களுக்கு அந்தத் தாள் வந்ததும் பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாகப் பாருங்கள். பெயர், பிறந்த தேதி, திட்டம் தொடங்கும் நாள், எல்லாம்.

நான் தேர்வானது ஃபுல்பிரைட் மொழி உதவி ஆசிரியர் திட்டத்தில். அங்கே ஒரு கல்லூரியில் ஒரு கல்வியாண்டு தமிழ் சொல்லிக்கொடுக்க வேண்டும். இது அமெரிக்க அரசு நடத்தும் திட்டம் என்பதால் மாணவர்களையும் பரிமாற்றத்தில் வருகிறவர்களையும் பதிவு செய்யும் செவிஸ் கட்டணமும் விசாக் கட்டணமும் எனக்கு இல்லை. ஆய்வுக்காக ஜே-1-இல் போன என் தோழி 220 டாலரும் 185 டாலரும் கட்டினாள். ஆனால் சலுகைக்கு விலை உண்டு. அரசுப் பணத்தில் போகிறவர்கள் திரும்பி வந்து மொத்தம் இரண்டு ஆண்டு சொந்த நாட்டில் இருந்தாக வேண்டும். அதற்கு முன் எச்-1பி, எல்-1 போன்ற வேலை விசாக்கள், கிரீன் கார்டு எதையும் நினைக்க முடியாது. இன்னின்ன நாட்டின் இன்னின்ன துறைக்காரர்களுக்கும் இதே விதி என்று சொல்லும் திறன் பட்டியலிலிருந்து 2024 டிசம்பரில் இந்தியாவை எடுத்துவிட்டார்கள் என்று பலர் சந்தோஷப்படுகிறார்கள். உண்மைதான், ஆனால் அந்தப் பட்டியலால் மட்டும் கட்டுப்பட்டவர்களுக்குத்தான் விடுதலை. அரசு நிதி வாங்கியவர்களுக்கு விதி அப்படியே இருக்கிறது.

அக்கா வீட்டுக்காரர் எச்-1பி-யில் போய் வந்தவர். பயிற்சி கொடுக்கிறேன் என்று ஒரு வாரம் என்னை உட்காரவைத்துக் கேள்வி கேட்டார். "திரும்பி வருவேன்னு அழுத்திச் சொல்லும்மா" என்பதுதான் அவர் மந்திரம். என்னைப் போல விண்ணப்பிக்கிற எவரையும் அங்கேயே தங்கிவிடப் போகிறவராக வைத்துத்தான் அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தின் 214(பி) பிரிவு தொடங்குகிறது, அப்படி இல்லை என்று காட்டுவது நம் வேலை. அது எனக்கும் தெரியும். அதற்காக நிலப் பட்டா, சிட்டா, சம்பளச் சான்று, கல்லூரி கொடுத்த விடுப்புக் கடிதம் எல்லாம் சேர்த்து ஒரு ஃபைல் தயாரானது. கல்யாணப் பத்திரிகைக் கட்டு கனம்.

மதுரையிலிருந்து பாண்டியனில் ஏறி, முதல் நாள் கைரேகை, மறுநாள் நேர்காணல். கோடம்பாக்கத்தில் சித்தி வீட்டு வாசலில் ஆட்டோக்காரரிடம் அமெரிக்கத் தூதரகம் என்றேன். "ஜெமினின்னு சொல்லுங்கம்மா" என்றார், பக்கத்து மேம்பாலத்தின் பெயரைச் சொல்லி. ஃபைலைப் பார்த்துவிட்டு, "விசாவா? கிடைச்சிரும்" என்று அவரே முடிவும் சொல்லிவிட்டார். செல்போன் உள்ளே கொண்டுபோகக் கூடாது. தம்பியிடம் கொடுத்துவிட்டு வரிசையில் நின்றேன்.

உள்ளே கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் அதிகாரிகள், மைக் வழியாகப் பேச்சு. முன்னால் நடப்பது காதில் விழும். எனக்கு முன்னே ஒரு பையன். அங்கே போய் என்ன வேலை செய்யப் போகிறாய் என்று கேட்டார்கள். அவன் இந்தியாவில் தனக்கு இருக்கும் பந்தங்களைப் பற்றி மனப்பாடமாக ஒப்பித்தான். மறுபடி அதே கேள்வி. மறுபடி பந்தங்கள், இந்த முறை வீட்டு மதிப்போடு. அவனுக்கு ஒரு தாளும் பாஸ்போர்ட்டும் திரும்பி வந்தன, அதாவது விசா இல்லை. காரணம் இதுதான் என்று நான் எப்படிச் சொல்வேன்? ஆனால் கேட்டதற்குப் பதில் வரவில்லை என்பது வரிசையில் நின்ற எங்களுக்கே தெரிந்தது. அப்போது என் ஃபைல் கையில் வழுக்கியது, வேர்வை.

என் முறை. முப்பது வயதிருக்கும் அமெரிக்கப் பெண். பாஸ்போர்ட்டும் டிஎஸ்-2019-ம் மட்டும் வாங்கினார். என்ன சொல்லிக்கொடுப்பாய் என்று ஆங்கிலத்தில் கேட்டார். தமிழ் என்றேன். உடனே தமிழுக்கு மாறிவிட்டார்.

"எனக்கு 'இருக்கு'ன்னு சொல்லிக்கொடுத்தாங்க. பேப்பர்ல 'இருக்கிறது'ன்னு இருக்கு. உங்க மாணவர்களுக்கு எது முதல்ல?"

ஒரு வாரப் பயிற்சியில் இந்தக் கேள்வி இல்லை. ஆனால் எட்டு வருஷமாக வகுப்பில் நிற்கிறேனே! "பேச்சுதான் முதல்ல மேடம். எழுத்து கூடவே வரும். 'வந்துவிட்டேன்' எப்படி 'வந்துட்டேன்' ஆகுதுன்னு ஒரு தடவை காட்டிட்டா, 'போய்ட்டேன்', 'சாப்பிட்டுட்டேன்' எல்லாம் அவங்களே கண்டுபிடிச்சிருவாங்க" என்றேன்.

அவர் மைக்கை மறந்துவிட்டு "வந்துவிட்டேன்... வந்துட்டேன்" என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். பிறகு ஆங்கிலத்தில் ஒரே ஒரு கேள்வி: முடித்து வந்ததும் என்ன வேலை? விடுப்பில்தான் வருகிறேன், அடுத்த ஜூனில் என் வகுப்பு காத்திருக்கும் என்றேன். பாஸ்போர்ட்டை எடுத்து வைத்துக்கொண்டார், விசா உண்டு என்று அர்த்தம். பட்டா, சிட்டா எதையும் யாரும் பார்க்கவில்லை.

இப்போது போகிறவர்களுக்கு ஒரு விஷயம் கூடுதல். 2025 ஜூனிலிருந்து ஜே விசா கேட்பவர்கள் சமூக வலைத்தளக் கணக்குகளை எல்லாரும் பார்க்கும்படி திறந்து வைக்கச் சொல்கிறார்கள். நல்ல வேளை, நான் முந்திவிட்டேன். என் பழைய கவிதைகளை ஓர் அதிகாரி படிப்பதை நினைத்தாலே கூச்சமாக இருக்கிறது.

சில நாளில் பாஸ்போர்ட் வந்தது. விசாவில் இரண்டு ஆண்டு விதி பொருந்தும் என்று கீழே அச்சடித்திருந்தார்கள். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டுக் கேட்டாள்: "ஏண்டி, யாரு இந்த எஃப்.என்.யு.? வேற யாரோட விசாவையோ மாத்தி ஒட்டிட்டாங்களா?"