இரண்டாம் மாடி வாடகை வீடு: குப்பையைக் குறைக்க எங்கிருந்து தொடங்குவது?

பாளை மருமகள் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் இரண்டாம் மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். நானும் வீட்டுக்காரரும், அத்தை, நாலு வயதுப் பையன், பத்து மாதக் கைக்குழந்தை. மண் என்று ஒரு பிடி கிடையாது. துணி காயப்போடுகிற பால்கனி மட்டும் உண்டு, நாலடிக்கு எட்டடி.

எங்கள் அம்மா வீடு ஸ்ரீவைகுண்டம் பக்கம். 2023 டிசம்பர் வெள்ளத்தில் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் வந்தது. வடிந்ததும் கழுவிவிடப் போனேன். சேற்றைத் தள்ளத் தள்ள பால் கவரும் டயப்பருமாக வந்துகொண்டே இருந்தது. அப்போது அந்த வீட்டில் கைக்குழந்தையே கிடையாது. மேற்கே எந்த ஊரிலோ யாரோ போட்டது தண்ணீரோடு வந்து எங்கள் பட்டாசலில் கிடந்தது. இப்போது என் வீட்டிலிருந்தே தினமும் நாலு டயப்பர் போகிறது. ஒவ்வொன்றையும் சுருட்டிப் போடும்போது அந்தச் சேறு கண்ணில் நிற்கிறது.

யூடியூபில் பார்த்தால் மூங்கில் பிரஷ், ஸ்டீல் ஸ்ட்ரா, கம்போஸ்ட் டப்பா என்று வாங்கச் சொல்கிறார்கள். கணக்குப் போட்டால் நாலாயிரம் ரூபாய் ஆகிறது. அவ்வளவு முடியாது. காய்கறிக் குப்பையை மக்க வைக்கலாம் என்றால், நாற்றம் வரும், புழு வரும், வீட்டுக்காரம்மா காலி பண்ணச் சொல்லிவிடுவார்கள் என்று அத்தை பயப்படுகிறார்கள். செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள், எதில் தொடங்கலாம்?

பேட்டை வயரிங் எழுதியது:

சகோதரி, குப்பை பற்றி விவரம் தெரிந்தவர்கள் வருவார்கள். எனக்குத் தெரிந்தது கரண்ட்.

சாதாரண சீலிங் ஃபேன் 75 வாட்ஸ் இழுக்கும். பி.எல்.டி.சி. என்கிற புதுவகை மோட்டார் வைத்த ஃபேன் ஏறக்குறைய 30 வாட்ஸ். ஒரு நாளைக்கு 15 மணி நேரம் ஓடினால் பழையது ஒரு யூனிட்டுக்கு மேல், புதியது அரை யூனிட்டுக்கும் கீழே. இரண்டு மாத பில்லில் ஒரு ஃபேனுக்கு 40 யூனிட் குறையும். வீடு மாறினால் கழற்றிக்கொண்டும் போகலாம். அதற்காக நன்றாக ஓடுகிற ஃபேனை இன்றைக்கே கழற்ற வேண்டாம். மோட்டார் காயில் கருகி ரீவைண்டிங்குக்குக் கொடுக்க வேண்டிய நிலை வரும்போது மாற்றுங்கள். குழந்தை படுக்கிற அறையில் உள்ளதுதான் அதிக நேரம் ஓடும், அது முதலில்.

ஃபிரிட்ஜ் சுவரோடு ஒட்டி நின்றால் ஒரு சாண் முன்னால் இழுத்து வையுங்கள். வீட்டுக்காரம்மா நல்ல மாதிரி என்றால் சோலார் பற்றிப் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். 2024இல் மத்திய அரசு கொண்டுவந்த திட்டத்தில் ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். நம்ம ஊர் வெயிலுக்குக் குறைவா என்ன!

கல்லிடை வத்தல் வீடு எழுதியது:

பாளை மருமகளுக்கு,

நான் கல்லிடைக்குறிச்சி, அம்மா. இருபது வருஷமாக வீட்டிலேயே கூழ்வத்தலும் மோர்மிளகாயும் போட்டு விற்கிறேன். வீட்டில் ஐந்து பேர், வத்தல் வேலைக்கு வருகிற பெண்கள் இரண்டு பேர். பதினோரு வருஷமாக எங்கள் அடுப்பங்கரைக் குப்பை வாசலைத் தாண்டியதில்லை. அந்த உரிமையில் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எதையும் வாங்காதீர்கள். அந்த நாலாயிரம் ரூபாய்ச் சாமானையும் ஏதோ ஒரு ஃபேக்டரியில் செய்து, கவரில் போட்டு, லாரியில் ஏற்றித்தான் அனுப்புவார்கள். இருக்கிற பிளாஸ்டிக் டப்பாவை எறிந்துவிட்டுக் கண்ணாடி பாட்டில் வாங்கினால் குப்பை கூடத்தான் செய்யும். டப்பா உடைகிற வரைக்கும் அதில் புளி போட்டு வையுங்கள், உளுந்து போட்டு வையுங்கள்.

ஒரு வாரம் உங்கள் குப்பை வாளியை மட்டும் பாருங்கள். ராத்திரி ஒரு பழைய பேப்பரில் கொட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். எங்கள் வீட்டில் அப்படிப் பார்த்தபோது முக்கால் வாளி சமையல் கழிவு. வாழைக்காய்த் தோல், முருங்கைக்கீரைக் காம்பு, சொதிக்குப் பால் பிழிந்த தேங்காய்ச் சக்கை, டீத்தூள். இதை மட்டும் எடுத்துவிட்டால் மீதிக் குப்பை நாறாது, ஈ மொய்க்காது. கவரோ பேப்பரோ அழுக்காகாமல் காய்ந்து கிடக்கும். வண்டி கொண்டுவருகிற பெண்ணும் முகம் சுளிக்காமல் பிரித்து எடுப்பாள். அதனால்தான் சொல்கிறேன், தொடக்கம் அடுப்பங்கரையில்தான்.

நான் வைத்திருப்பது காருகுறிச்சி மண்பானை, இரண்டு. சுடுவதற்கு முன்பே சுற்றிலும் துளை போட்டுத் தரச் சொல்லி வாங்கினேன். உங்களுக்குப் பழைய பெயிண்ட் வாளி இரண்டு கிடைத்தால் அதுவே போதும். அடியிலும் பக்கத்திலும் சுண்டுவிரல் அளவுக்கு இருபது துளை போடுங்கள், கீழே ஒரு தாம்பாளம் வையுங்கள். அடியில் நாலு விரல் உயரத்துக்குத் தேங்காய்க் கதம்பையை, அதாவது மட்டை நாரை, பிய்த்துப் போடுங்கள். அதற்கு மேல் ஒரு கை காய்கறிக் கழிவு என்றால் இரண்டு கை காய்ந்த இலை. இந்த அளவுதான் முக்கியம், இதில்தான் நான் தவறினேன்.

முதல் வருஷம் ஆனி மாதம். மாம்பழத் தோலாகப் போட்டு, இலை போடாமல், மூடியை இறுக்கி வைத்துவிட்டேன். மூன்றாம் நாள் திறந்தால் முகத்தில் அடித்தது நாற்றம். உள்ளே அரிசி அரிசியாக வெள்ளைப் புழு நெளிகிறது. எங்கள் அத்தை அப்போது இருந்தார்கள், "இதைக் கொண்டுபோய் வயலில் கொட்டு, அடுப்பங்கரை நடையில் வைக்காதே" என்று பிடிவாதமாகச் சொல்லிவிட்டார்கள். நான் ஒரு சொளவு நிறைய காய்ந்த வேப்பிலையைக் கொட்டி, குச்சியால் அடி வரை கிளறி, மூடியைச் சற்றுத் திறந்து வைத்தேன். நாலு நாளில் நாற்றம் போய்விட்டது. தண்ணீர் கூடினால் காற்று உள்ளே போகாது. காற்றில்லாமல் அழுகினால்தான் நாறும். இலை அந்த ஈரத்தை வாங்கிக்கொண்டு நடுவில் காற்றுக்கு இடம் விடுகிறது. ஒரு பிடி எடுத்துப் பிழிந்து பாருங்கள், ஒரு சொட்டுக்கு மேல் வந்தால் இன்னும் இலை வேண்டும். தடித்த புழு வந்தாலும் பதற வேண்டாம். அது ஒருவகைக் கறுப்பு ஈயின் புழு, குப்பையைத் தின்றுவிட்டுத் தன்பாட்டுக்குப் போய்விடும். பார்க்கத்தான் ஒரு மாதிரி இருக்கும்.

வாரம் ஒருமுறை கிளறுங்கள். புளித்த மோர் ஒரு கரண்டி தெளித்தால் சீக்கிரம் மக்கும். சோறு, எண்ணெய்ப் பலகாரம், மீன் கழிவு போடாதீர்கள், எலி வரும். சோறு மிஞ்சினால் தண்ணீர் ஊற்றி வையுங்கள், காலையில் நீராகாரம் ஆகும். ஒரு வாளி நிறைந்ததும் மூடி ஓரமாக வைத்துவிட்டு அடுத்ததில் தொடங்குங்கள். இரண்டு மாதத்தில் முதல் வாளி தயார். நான் வத்தல் மாவு சலிக்கிற பழைய சல்லடையில் சலிப்பேன். கறுப்பாக, பொலபொலவென்று, டீத்தூள் மாதிரி கீழே விழும். சல்லடையில் முட்டை ஓடும் முருங்கைக் குச்சியும் மாங்கொட்டையும் மட்டும் நிற்கும். வாழைக்காய்த் தோல் போட்டதற்கு அடையாளமே இருக்காது. பதினோரு வருஷமாகப் பார்க்கிறேன், இன்னமும் ஒவ்வொரு தடவையும் கையில் எடுத்து மோந்து பார்க்காமல் இருக்க முடிவதில்லை.

இலைக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். பங்குனியில் வேம்பு கொட்டும்போது தெருவில் கூட்டி எரிப்பார்கள். எரிப்பதற்கு முன் ஒரு சாக்கு வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு சாக்கு இரண்டு மாதத்துக்கு வரும்.

அத்தையைச் சம்மதிக்க வைக்க ஒரு வழி சொல்கிறேன். சாமி படத்துக்குப் போட்ட பூவை என்ன செய்கிறீர்கள்? கால்படாத இடம் என்று கவரில் சேர்த்து வைத்துக் கவரோடு ஆற்றில் விடுகிற பழக்கம் நம் பக்கம் நிறைய. ஆடி அமாவாசைக்கு மறுநாள் பாபநாசம் படித்துறைக்குப் போய்ப் பாருங்கள். பரிகாரம் என்று விட்ட வேட்டியும் சேலையும் பாறை இடுக்கில் சிக்கி, அதைச் சுற்றி பூக்கவர் மாட்டிக் கிடக்கும். அங்கே தப்பியது எங்கள் ஊர் கன்னடியன் கால்வாய் ஷட்டரில் வந்து அடைக்கும். அதையும் தாண்டினால் உங்கள் அம்மா வீட்டுப் பக்கம்தான். பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் விழுகிற வரைக்கும் நம் தாமிரபரணி ஆறு நம் மக்கள் கையில்தான் இருக்கிறது, வேறு மாநிலத்துக்காரர் மேல் பழி போட வழியில்லை. அதனால் பூவை நார் நீக்கி வாளியில் போடச் சொல்லுங்கள். மக்கினதும் அத்தை கையாலேயே துளசிச் செடிக்குப் போடட்டும். சாமி பூ துளசிக்குப் போகிறது என்றால் அவர்களுக்கும் மனது ஆறும். எங்கள் அத்தை அப்படித்தான் மாறினார்கள். கடைசிக் காலத்தில் பானையைக் கிளறுகிறது அவர்கள் வேலையாகவே ஆகிவிட்டது.

டயப்பருக்கு வருகிறேன். பகலில் பழைய வேட்டியை நாலாகக் கிழித்துக் கட்டுங்கள். நல்ல வெயிலுக்கு அரை மணியில் காய்ந்துவிடும். ராத்திரிக்கும் வெளியூருக்கும் மட்டும் டயப்பர். நாலு ஒன்றாகும். அதற்கு மேல் உங்களை வருத்திக்கொள்ள வேண்டாம், கைக்குழந்தையோடு இருக்கிறவளுக்குத் தூக்கமும் வேண்டும்.

பால் கவரில் மூலையை முழுசாக வெட்டி எடுக்காதீர்கள். அந்தத் துணுக்கை யாராலும் பொறுக்க முடியாது. பாதி வெட்டி, கவரோடு ஒட்டியே விடுங்கள். கழுவிக் காயவைத்துச் சேர்த்தால் பழைய பேப்பர் கடைக்காரர் எடுத்துக்கொள்வார். ஆர்.ஓ. மெஷின் இருந்தால் அதிலிருந்து கழிவாகப் போகிற தண்ணீரை வாளியில் பிடியுங்கள், தரை துடைக்கவும் பாத்ரூம் கழுவவும் ஆகும். அரிசி களைந்த தண்ணீர் செடிக்கு. ஹோட்டலில் சாம்பார் வாங்கப் போனால் தூக்குவாளி. 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்தே பிளாஸ்டிக் பைக்குத் தடை, ஆனால் கொதிக்கிற சாம்பாரை இன்னமும் அதில்தான் கட்டித் தருகிறார்கள். தூக்குவாளியை நீட்டினால் ஒரு கரண்டி கூடவே ஊற்றுவார்கள்.

திசையன்விளை பனங்காடு எழுதியது:

வத்தல் வீட்டு அக்கா சொன்னதோடு ஒன்று. பாளை மார்க்கெட்டுக்குப் போகும்போது ஓலைப்பெட்டி ஒன்று கொண்டுபோங்கள் மதினி. எங்கள் பக்கம் கருப்பட்டியே ஓலைக் கொட்டானில்தான் வரும். அம்மா முடைந்த பெட்டி ஒன்று எங்கள் வீட்டில் ஆறு வருஷமாக உழைக்கிறது. தக்காளி நசுங்காது, வெங்காயம் வேர்க்காது. மழையில் நனைந்தால் உடனே நிழலில் காயவைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பூசணம் பிடிக்கும். பிய்ந்துபோனால் அதையும் வெட்டி அந்த வாளியிலேயே போடலாம்.

பாளை மருமகள் எழுதியது:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். எதிர்வீட்டில் வெள்ளையடித்தவர்களிடம் பெயிண்ட் வாளி இரண்டு வாங்கி, துளை போட்டுத் தொடங்கிவிட்டேன். நாற்றம் இல்லை, அத்தையே மோந்து பார்த்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமைப் பூவை அவர்களே கிள்ளிப் போடுகிறார்கள். வீட்டுக்காரம்மாவுக்கு இன்னும் தெரியாது. டயப்பர் இப்போது ஒன்று, சில நாள் இரண்டு.

ஒரே ஒரு பிரச்சினை. இரண்டு நாளாக வாளிக்குள் சிற்றெறும்பு வரிசை வைத்து ஏறுகிறது. மருந்து எதுவும் போடலாமா அக்கா?

கல்லிடை வத்தல் வீடு எழுதியது:

மருந்து போடாதீர்கள் அம்மா, உள்ளே வேலை செய்கிற பூச்சியெல்லாம் செத்துப்போகும். எறும்பு வந்தால் உள்ளே காய்ந்துவிட்டது என்று அர்த்தம். இலையை அதிகமாகப் போட்டுவிட்டீர்கள் போலிருக்கிறது, உங்கள் பால்கனியில் வெயிலும் விழும். நாளைக்கு அரிசி களைகிற தண்ணீரில் ஒரு டம்ளர் எடுத்துச் சுற்றிலும் தெளித்து, அடி வரை கிளறிவிடுங்கள். தாம்பாளத்தில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, இரண்டு செங்கல் போட்டு அதன்மேல் வாளியை வையுங்கள், ஏறாது. அந்தத் தண்ணீரை ஒருநாள் விட்டு ஒருநாள் மாற்றிவிட வேண்டும், கொசு முட்டை போடும்.

வீட்டுக்காரம்மாவிடம் மறைக்க வேண்டாம். முதல் வாளி சலித்ததும் ஒரு படி அளந்து கொண்டுபோய்க் கொடுங்கள். கீழே அவர்களுக்குச் செடி ஏதாவது இருக்குமல்லவா?