டிராஃப்டுக்கு முன் பள்ளி பேட்டர்களை எடைபோடுவது எப்படி? உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. அமெரிக்க பேஸ்பாலின் மேஜர் லீக் (எம்எல்பி) அணிகள் இளம் ஆட்டக்காரர்களை முறைபோட்டு எடுத்துக்கொள்ளும் டிராஃப்ட் ஜூலையில் நடக்கும். அதற்கு முன்னால் எனக்கென்று ஒரு பட்டியல் போட்டு வைப்பது வழக்கம். கல்லூரி ஆட்டக்காரர்களைப் பற்றி ஓரளவு தைரியமாகச் சொல்ல முடிகிறது. பெரும்பாலும் மூன்று வருடக் கணக்கு கையில் இருக்கும். மேஜர் லீக்கில் மர மட்டைதான், கல்லூரியிலோ உலோக மட்டை என்பதால், கல்லூரி ஆட்டக்காரர்கள் கோடையில் ஆடும் கேப் காட் லீக்கில் மர மட்டையால் எப்படி அடித்தார்கள் என்பதைத்தான் நான் அதிகம் நம்புகிறேன்.

திணறுவது உயர்நிலைப் பள்ளி பேட்டர்களிடம். எதிரே வீசுகிறவன் 80 மைல் வேகத்தைத் தொடவே சிரமப்படும்போது, .500 சராசரியை (அதாவது இரண்டு முறைக்கு ஒரு ஹிட்) வைத்து என்ன முடிவுக்கு வருவது? அணிகளுக்காக ஆட்டக்காரர்களைப் பார்த்து எடைபோடும் ஸ்கவுட்டுகள் ஒவ்வொரு திறமைக்கும் 20 முதல் 80 வரை மதிப்பெண் போடுகிறார்கள். 50 என்றால் மேஜர் லீக் சராசரி. ஓட்டத்தையும் கை வலுவையும் ஸ்டாப்வாட்சும் ரேடாரும் சொல்லிவிடும். பந்தைச் சரியாகச் சந்திக்கும் திறமையை அப்படி அளந்துவிட முடிவதில்லை. நியூ ஜெர்சியின் மில்வில் பள்ளியில் ஆடி, பின்னாளில் பெரிய நட்சத்திரமான மைக் டிரவுட்டையே 2009இல் 25ஆவதாகத்தான் எடுத்தார்கள்!

டெக்சாஸ், ஜார்ஜியா, புளோரிடா பக்கம் பள்ளி ஆட்டங்களை நேரில் பார்க்கிறவர்கள் சொல்லுங்கள். வளைந்து வரும் பந்தை விட்டுவிடும் பொறுமையா, மட்டை சுழலும் வேகமா, எதை முதலில் கவனிப்பீர்கள்?

இன்னொன்று. முதல் 10 சுற்றுகளில் எடுத்த பையன் கையெழுத்திடாமல் கல்லூரிக்குப் போய்விட்டால், ஒப்பந்த போனஸுக்காக அந்த இடத்துக்கு லீக் ஒதுக்கிய தொகையையும் அணி இழக்கிறது. யார் கையெழுத்திடுவார்கள் என்று வெளியிலிருந்து கணிக்க ஏதாவது வழி உண்டா? தெரிந்தவர்கள் விரிவாகவே எழுதுங்கள்.