சொட்வானா பயணம்: படகின் இடது எஞ்சின் நின்று நின்று போகிறது, உதவுங்கள்

அண்ணன்மாரே, தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து நாங்கள் ஐந்து பேர் வருஷா வருஷம் மே மாதம் சொட்வானா விரிகுடாவுக்கு வஞ்சிரம் பிடிக்கப் போவோம். அங்கே துறைமுகம் கிடையாது. மணலிலிருந்தே படகைத் தள்ளி, அலை உடைகிற இடத்தைத் தாண்டியாக வேண்டும். இரண்டு எஞ்சினும் ஓடினால்தான் நிம்மதி.

போன வருஷம் அந்த அலைக்கு நடுவிலேயே இடது எஞ்சின் இருமி நின்றுவிட்டது. மெக்கானிக் கார்புரேட்டரைச் சுத்தம் பண்ணிக் கொடுத்தார். நேற்று வீட்டில் ஓட்டிப் பார்த்தேன், பத்தே நிமிஷத்தில் அதே இருமல். பெட்ரோலை வடிகட்டுகிற ஃபில்டரின் கிண்ணத்தைக் கழற்றினால், பெட்ரோலுக்கு அடியில் முத்து முத்தாகத் தண்ணீர்! டேங்க் மூடி வழியாக இறங்குகிறதா? டேங்க்கையே மாற்றணுமா?

பட்டறிந்தவர்கள் சொல்லுங்கள். கிளம்ப மூன்று வாரம்தான் இருக்கிறது. இந்தத் தடவை மகனும் வருகிறான், அவனை வைத்துக்கொண்டு துணிய மாட்டேன்.